வீரம்மா வீட்டில் ஆறு டிகிரி உபரி

காலை நாலரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். அடுப்பு மூட்டி ஒரு டம்ளர் காப்பி போட்டேன். நேற்று வாங்கிய ரொட்டியில் பாதி இருந்தது, தின்றேன். கால்சட்டை மாட்டிக்கொண்டு, பெயர்ப் புத்தகத்தையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் திடலுக்கு நடந்தேன். ஐந்தேகாலுக்குப் பெரட்டு. நூற்று நாற்பத்தொரு பெயர்களைக் கூப்பிட்டேன். நூற்று முப்பத்தெட்டுப் பேர் ‘இருக்கேன்’ என்றார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருவர் போன வாரம் இறந்துவிட்டார். மேலிடத்திலிருந்து கடிதம் வராமல் பெயரை அடிக்க முடியாது. ஆறு மணிக்கு எல்லோரும் கத்தியும் வாளியுமாகப் பால்மரம் வெட்டப் போனார்கள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதற்கு அங்கே அப்படித்தான் பெயர். நான் ஆபீசைத் திறந்து பேனாவில் மை நிரப்பினேன்.

இது 1926. ஈப்போவிலிருந்து ஒன்பது மைல், அங்கத்துப் பேச்சில் ஒன்பது கட்டை. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது ஒன்பதாங்கட்டைத் தோட்டம். நான் அங்கே கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. சென்னையில் கல்லூரியில் கணிதம் படித்தவன். மனைவி முந்தின வருஷம் தைப்பிங்கில் பிரசவத்தில் இறந்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

எட்டு மணிக்கு ஒரு மோட்டார் கார் வந்தது. லயக் கோணப் பரிசோதனை இலாகாவின் கார்.

இந்த இலாகா பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்கள் மனிதர் வசிக்கும்படி இல்லை என்று யாரோ அரசாங்கத்துக்கு எழுதியிருந்தார்கள். கூரை ஒழுகுகிறது, நல்ல தண்ணீர் இல்லை, கக்கூஸ் இல்லை, கொசு அதிகம், மூலைகள் கோணலாக இருக்கின்றன என்று ஒரு பட்டியல். அதைப் பரிசீலித்த கமிட்டி, இவற்றில் ஒரே நாளில் அளந்து முடிக்கக் கூடியது மூலைதான் என்று கண்டது. ஆகவே மூலைக்கு ஓர் இலாகா. ஈப்போவில் ரயிலடிக்குப் பக்கத்தில் தலைமை அலுவலகம். ஜனங்கள் அதை ‘மூலை ஆபீஸ்’ என்றார்கள்.

காரிலிருந்து இன்ஸ்பெக்டர் அலெக்சாண்டர் இறங்கினார். தைப்பிங்காரர். வெள்ளை உடுப்பு, தொப்பி. அவருக்குப் பின்னால் பியூன் டொமினிக் ஒரு மரப்பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தான். பெட்டிக்குள் பச்சை வெல்வெட்டின் மேல் பித்தளைக் கோணமானி ஒன்று, பாதியாக வெட்டிய சாப்பாட்டுத் தட்டு அளவில், படுத்திருந்தது.

கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையில் இருக்கும். ஒன்று இடமிருந்து வலம் ஏறும். மற்றது வலமிருந்து இடம் ஏறும். கோணம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதற்குரிய வரிசையைப் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் ஆகும். இலாகா ஒரே விதியில் தீர்த்திருந்தது: வெளி வரிசை அதிகாரிகளுக்கு, உள் வரிசை குமாஸ்தாக்களுக்கு. தொண்ணூறு மட்டும் இரண்டு வரிசையிலும் ஒரே இடத்தில் நின்றது. அந்தக் கருவியில் இருந்த ஒரே சமத்துவம் அது.

லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை. முதல் பதினொன்றும் நாலு மூலையும் தொண்ணூறு தொண்ணூறாகத் தேறின. கூரை ஒழுகிய இடங்களில் டொமினிக் இன்ஸ்பெக்டருக்குக் குடை பிடித்தான். பன்னிரண்டாவது, கோடி வீடு, வீரம்மாவுடையது. புருஷன் அப்பாவு மரம் வெட்டப் போயிருந்தான். அவளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டதால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அவளைக் கனமான வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். வாசலில் உட்கார்ந்து பழைய சேலையைக் குழந்தைத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். கோணமானியை முதல் மூலையில் வைத்தார்.

“தொண்ணூறு.”

எழுதினேன்.

“தொண்ணூறு.”

எழுதினேன். மூன்றாவது மூலையில் அவர் கொஞ்சம் நேரம் குனிந்திருந்தார்.

“தொண்ணூற்று மூணு.”

நான் எட்டிப் பார்த்தேன். அது எண்பத்தேழு. வெளி வரிசையில் படித்ததால் தொண்ணூற்று மூன்று ஆகியிருந்தது. நாலாவது மூலை உண்மையிலேயே தொண்ணூற்று மூன்று.

“கூட்டுங்க கிராணியாரே.”

“முந்நூத்தி அறுபத்தாறு.”

“நாலு மூலைக்கு எவ்ளோ இருக்கணும்?”

“முந்நூத்தி அறுபது. சார், மூணாவது மூலை எண்பத்தேழு. உள் வரிசையப் பாத்தீங்கன்னா...”

“நீங்க பாக்கலாம். நான் எப்படிப் பாக்கறது? உள் வரிசைக்கு நான் எறங்கினா என் கிரேடு என்னாகறது?”

“அப்ப நான் பாத்து எழுதிடறேன்.”

“நீங்க எழுதினா அது குமாஸ்தா அளவு. குமாஸ்தா அளவு செல்லாது.” அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். “அளவுல தப்பு இல்ல. கையெழுத்து ஆயிடுச்சு. ஜியாமெட்ரியிலயும் தப்பு இருக்க முடியாது. அப்ப இந்த வீட்ல ஆறு டிகிரி அதிகமா இருக்கு.”

வீரம்மா கையூன்றி எழுந்தாள். “என்னா ஐயா அதிகமா இருக்கு?”

“ஆறு டிகிரி.”

“நாங்க ஒண்ணும் எடுக்கல ஐயா. வேணும்னா பொட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு சேலை, ஒரு கண்ணாடி, ஒரு வசம்புத் துண்டு. ‘சோதனையில் டிகிரி எதுவும் அகப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் ஜியாமெட்ரியில் இன்னொரு பாடமும் படித்திருந்தார். ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து நிற்கும் கோணங்கள் சேர்ந்தால் நூற்று எண்பது. வெளியே போய்ப் பார்த்தார். லயத்தின் முன்சுவர் முடிந்த இடத்திலிருந்து அதே கோட்டில் சாக்கடை நேராகப் போயிற்று.

“உள்ள தொண்ணூத்தி மூணுன்னா, சுவத்துக்கு அந்தப் பக்கம் எண்பத்தேழுதான் இருக்கும். சரிதானே? பின்பக்க மூலையிலும் அதே கதை. ஆக இந்தம்மா பக்கத்து மனையிலேருந்து முன்னால மூணு, பின்னால மூணு எடுத்திருக்கு. பக்கத்து மனை யாருது?”

நானும் வெளியே வந்தேன். கங்காணி பத்துமலை அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

“முனியாண்டியோடது தொரை.”

“கூப்பிடு அவன.”

பத்துமலை கூப்பிடவில்லை. கோடிச் சுவரின் பின்முனையை ஒட்டி, மஞ்சளும் குங்குமமும் அப்பி, முன்னால் ஒரு சுருட்டும் எலுமிச்சம்பழமுமாக நின்ற கல்லைக் கண்ணால் காட்டினார். லயம் கட்டும்போதே அந்தக் கல் அங்கே இருந்தது. சுவர் நேராக வந்தால் கல்லின் மேல் ஏறும். கட்டிய சீனத் தச்சன் ஜனங்கள் சொல்வதற்கு முன்பே தானும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சுவரைப் பின்பக்கமாக அரை அடி உள்ளே தள்ளிப் போட்டானாம். அதனால்தான் முன்சுவர் பன்னிரண்டு அடி, பின்சுவர் பதினொன்றரை.

“கல்ல அரை அடி நகத்திடலாமே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நகத்துங்க தொரை,” என்று பத்துமலை மரியாதையாகப் பத்தடி பின்னால் போய் நின்றார். “நான் வேணும்னா எங்கிட்டு நகத்தணும்னு இங்கேருந்து சொல்லுறேன்.”

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார். சுருட்டைப் பார்த்தார். தான் கிறிஸ்தவன் என்பதால் இந்த நம்பிக்கைகளில் தனக்குச் சம்பந்தமில்லை என்றும், ஆனால் ஒரு வாரமாக இடுப்புப் பிடிப்பு என்றும் தெரிவித்தார். பிறகு வீரம்மா வீட்டுக் கதவைச் சாத்தி, கயிறு கட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். பானை, பாய், பெட்டி எல்லாம் உள்ளே.

“எப்ப ஐயா தொறப்பீங்க?”

“உபரி டிகிரி தீர்ந்ததும்.”

“எனக்கு நாளு நெருங்கிருச்சு. நான் எங்க போயிப் பெத்துக்கிறது?”

“அது வேற இலாகாம்மா,” என்றார் அவர், அன்பாகவே.

அன்றிலிருந்து வீரம்மாவும் அப்பாவுவும் ஆயாக்கொட்டகையில் இருந்தார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் போகும் கொட்டகை. நாலு கம்பமும் ஓலைக் கூரையும். சுவர் கிடையாது, ஆகவே மூலை கிடையாது, ஆகவே இலாகாவுக்கு ஆட்சேபம் கிடையாது.

மூன்றாம் நாள் முனியாண்டிக்குச் சம்மன் வந்தது. டிகிரி பறிகொடுத்தவர் என்ற முறையில் ஈப்போவுக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும். படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு. தகப்பன் பெயர்: தெரியாது. தொழில்: காவல். வந்த கப்பல்: விசாரித்த வரையில் எல்லாக் கப்பலிலும். வயது என்ற இடத்தில் கேட்கத் துணியவில்லை என்று எழுதினேன். சம்மனைக் கல்லில் ஒட்ட வேண்டும் என்பது விதி. சந்தனத்தைக் குழைத்து ஒட்டினார்கள். சாயங்காலம் ஒரு கிழவி அதற்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

விசாரணை நாளில் நானும் அப்பாவுவும் பத்துமலையும் மாட்டு வண்டியில் ஈப்போவுக்குப் போனோம். மூலை ஆபீசில் மூன்று ஜன்னல்கள். தொண்ணூறுக்குக் குறைந்தவர்கள் ஒன்றில் நிற்க வேண்டும், கூடியவர்கள் ஒன்றில், சரியாகத் தொண்ணூறு இருப்பவர்கள் நடு ஜன்னலில். நடு ஜன்னலில் யாரும் இல்லை. பிரச்சினை இல்லாதவர்கள் எதற்கு வருவார்கள்? அங்கே இருந்த குமாஸ்தா நன்றாகத் தூங்கினார். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு என்றார்கள். அவர் மேல் ஒரு புகாரும் இல்லையாம்.

எங்களைக் கூடியவர்கள் ஜன்னலில் நிற்கச் சொன்னார்கள். முனியாண்டி குறைந்தவர் என்பதால் அவர் வந்தால் அந்த ஜன்னலில் நிற்க வேண்டும். அப்பாவு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றான். ஜன்னலுக்கு வந்த வேறு இரண்டு தோட்டத்துக்காரர்களும், விஷயம் கேட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் போனார்கள்.

பத்து மணிக்கு விசாரணை. ஆஜராகாதவரை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லை என்று குறித்த பிறகுதான் வழக்கை நடத்தலாம். டொமினிக் வராந்தாவில் போய் நின்றான்.

“முனியாண்டி!”

யாரும் வரவில்லை.

“முனியாண்டி!” இந்தத் தடவை குரல் கம்மியது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. டொமினிக் திரும்பி வந்துவிட்டான்.

“மூணாவது?” என்றார் அலெக்சாண்டர்.

“முடியாது சார்.”

“ஏன்?”

“மூணாவது தடவ கூப்பிட்டா வந்துருவாரு சார்.”

“வரணும்னுதானே கூப்பிடறோம்? டொமினிக், நீ வேதக்காரன்தானே?”

“ஞாயித்துக்கெழம தவறாம மாதா கோயிலுக்குப் போறவன் சார். அதுக்காக அவர வம்புக்கு இழுக்கணுமா? நீங்க கூப்பிடுங்க.”

அலெக்சாண்டர் வராந்தா வரை போனார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அதிகாரிகள் கூவுவது விதிப் புத்தகத்தில் இல்லை என்று திரும்பி வந்தார். இரண்டு தடவை மட்டும் கூப்பிடப்பட்டதால் விசாரணை ஒரு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீரம்மாவுக்கு ஒரு மாதம் இல்லை. இலாகாத் தலைவர் கிரிம்ஷா துரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கால்சட்டை போட்டிருந்ததால் விட்டார்கள்.

கட்டடம் தெருமுனையில் இருந்தது. துரையின் அறைச் சுவர் தெருவோடு வளைந்து சென்றது. அந்த அறைக்கு மூலையே இல்லை.

நான் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். முன்சுவரும் பின்சுவரும் ஒன்றுக்கொன்று இணை. ஒன்று பன்னிரண்டு அடி, மற்றது பதினொன்றரை. நடுவில் பத்தடி அகலம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பத்தால் பெருக்கினால் நூற்றுப் பதினேழரைச் சதுர அடி. இலாகா விதிப்படி பெரியவருக்கு நாற்பது சதுர அடி, குழந்தைக்கு இருபது. புருஷன், பெண்டாட்டி, பிறக்கப்போகும் பிள்ளை மூவருக்கும் நூறு போதும். மிச்சம்கூட இருக்கிறது.

துரை கவனமாகக் கேட்டார்.

“கூட்டிப் பாதியாக்கி என்று சொன்னீர்களே, அந்தச் சூத்திரத்துக்கு எங்களிடம் அனுமதி இல்லை. சதுரத்துக்கு இருக்கிறது. நீள்சதுரத்துக்கு இருக்கிறது. இரண்டு பக்கம் மட்டும் இணையான வீட்டுக்கு லண்டனுக்கு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை அந்த வீட்டுக்குப் பரப்பளவு கிடையாது. பரப்பளவு இல்லாத இடத்தில் ஆட்களைக் குடிவைக்க என்னால் முடியாது. மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது.”

பிறகு யோசித்து, “வட்டத்துக்குச் சூத்திரம் கைவசம் இருக்கிறது. இருபத்திரண்டின் கீழ் ஏழு, பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். வீட்டை வட்டமாக மாற்றிக்கொள்ள அவர்கள் சம்மதிப்பார்களா?” என்றார்.

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். படித்தவன் ஒருவன் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

“நாங்கள் வருவதற்கு முன் இங்கே காடு. காட்டில் ஒரு செங்கோணம் கிடையாது. நானே தேடிப் பார்த்திருக்கிறேன். இப்போது பாருங்கள். மரங்கள் வரிசையில் நிற்கின்றன. வீடுகள் வரிசையில் நிற்கின்றன. ஆட்கள் காலையில் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே எப்படி இருக்கிறார்கள் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் அளவில் கவனம் சிதறும். போன வருஷம் நாற்பது தோட்டங்களைச் சரி செய்தோம். அதில் ஒன்றில் மலேரியா வந்து லயத்தில் ஒருவரும் மிச்சமில்லை. அங்கே மூலைகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. என் அறிக்கையில் அதைத்தான் முன்மாதிரி லயம் என்று காட்டியிருக்கிறேன்.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு ஒரு வருஷமாகப் பழக்கம்.

திரும்பி வந்தபோது மழை. ஆயாக்கொட்டகையில் சாரல் நாலு பக்கமும் அடித்தது. வீரம்மா நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிரசவம் பார்க்க இருந்த பக்கத்து வீட்டு இருளாயி, சாக்குப் பையை அவள் முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னா சொன்னானுங்க கிராணி ஐயா?”

“வீட்ட வட்டமாக் கட்டிக்கச் சொல்றாங்க.”

“அவங்க ஆத்தா வந்து கட்டுவாளா? இன்னும் பத்து நாளு தாங்காது இவளுக்கு. தலை எறங்கிருச்சு. இந்தத் தெறந்த கொட்டாயில, மழையில, போறவன் வாரவன் பாக்க இவ பெக்கணுமா?”

வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஆபீசுக்குப் போய் ஒரு தாளை எடுத்து நாற்கோணம் ஒன்று வரைந்தேன். மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் கொடுத்த மனுவில் இவ்வளவுதான் இருந்தது: மேற்படி வீட்டின் பின்பக்க மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கயிறு கட்டினால் வீடு இரண்டு முக்கோண அறைகள் ஆகிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து நூற்று எண்பது. இரண்டுக்கும் சேர்த்து முந்நூற்று அறுபது. ஆகவே கயிறு கட்டிய நிமிஷமே உபரி ஆறு டிகிரி இல்லாமல் போகிறது. முக்கோணத்துக்குச் சூத்திரம் இலாகாவிடம் இருக்கிறதா என்று தெரிவிக்கப் பிரார்த்திக்கிறேன்.

இருந்தது. அடியை உயரத்தால் பெருக்கிப் பாதி. வந்த நாளிலிருந்து யாரும் கேட்காததால் உறை பிரிக்காமலே இருந்தது. கிரிம்ஷா துரை தன் கையால் பிரித்தார்.

“ஆறு டிகிரி எங்கே போகும்?” என்று மட்டும் கேட்டார்.

“உரியவருக்கே திரும்பிவிடும்.”

“ரசீது தருவாரா?”

“கேட்டுப் பார்க்கிறேன்.”

வழக்கு முடிந்தது. டொமினிக் அன்று மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுருட்டும் வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினான்.

கயிறு இலாகாவிலிருந்தே வந்தது. மூன்று பிரி முறுக்கிய புதுப் பருத்திக் கயிறு, பதினைந்தடி ஏழரை அங்குலம். இரண்டு நுனியிலும் ஈய முத்திரை. முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். அதை அவிழ்த்தாலோ அறுத்தாலோ வீடு மறுபடியும் நாற்கோணம் ஆகிவிடும், உடனே பூட்டப்படும் என்று அலெக்சாண்டர் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார்.

முதல் முக்கோணம் அறுபது சதுர அடி. கதவும் அடுப்பும் அதில். அது வீரம்மாவுக்கு. இரண்டாவது ஐம்பத்தேழரை, அது அப்பாவுவுக்கு. இரண்டாவது அறைக்குக் கதவு இல்லை என்று அலெக்சாண்டர் கொஞ்சம் கலங்கினார். கயிற்றையே கதவு என்று கருதலாம் என்று முடிவாயிற்று. அப்பாவு தாண்டுவதற்கு முன் தட்ட வேண்டும்.

“எதத் தட்டுறது?” என்றான் அப்பாவு.

“கயித்த.”

அன்று முழுவதும் லயத்தில் சிரிப்பு. “மச்சான், சம்சாரத்துகிட்ட தண்ணி வாங்கிக் குடிக்க மனுப் போட்டாச்சா?” என்று பத்துமலை கேட்டார். “இருக்கட்டும் மச்சான்,” என்றான் அப்பாவு, “எனக்காச்சும் ரெண்டு வீடு. ஒனக்கு ஒண்ணுதான்லா.”

வீரம்மா உள்ளே போய்ப் பாயை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். நான் ஆபீசில் இருந்தேன். ஒரு கடிதத்தை நாலு தடவை நகல் எடுத்திருந்தேன். ஒரு நகல்தான் வேண்டியிருந்தது. இருளாயி வாசலில் வந்து, “ரெண்டும் நல்லா இருக்கு ஐயா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ‘ரெண்டும்’ என்றாளா என்று எழுந்து போய் அவளை நிறுத்தி மறுபடி கேட்டேன். ஆமாம் என்றாள்.

பிறப்பு அறிக்கையை நான்தான் அனுப்பினேன். பிறந்த இடம்: வீரம்மா வீடு. ஐந்தாம் நாள் சிவப்பு மையில் திரும்பி வந்தது. எந்த முக்கோணம்?

விதி தெளிவாக இருந்தது. குழந்தை எந்த அறையில் பிறக்கிறதோ அந்த அறையைச் சேர்ந்தது. முதல் முக்கோணம் என்றால் தாய்க்கு நாற்பது, குழந்தைக்கு இருபது, ஆக அறுபது, கச்சிதம். இரண்டாவது என்றால் தகப்பனுக்கு நாற்பது, குழந்தைக்கு இருபது, அறையோ ஐம்பத்தேழரை. இரண்டரைச் சதுர அடி நெருக்கடி. வீடு மறுபடியும் பூட்டப்படும். தலை ஒரு முக்கோணத்திலும் கால் இன்னொன்றிலுமாகப் பிறந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. அதற்கும் லண்டனுக்கு எழுத வேண்டும். அதுவரை வீடு பூட்டப்படும். தாய் குழந்தையோடு நேரில் வர வேண்டும்.

இருபதாம் நாள் போனோம். மழை விட்டிருந்தது. வண்டியில் வீரம்மா குழந்தையை மடியில் போட்டு, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டே வந்தாள்.

“வீட்டப் பூட்டிப்புடுவாங்களா ஐயா?”

“முதல் முக்கோணம்னு சொல்லிடு. போதும்.”

“அது எந்தப் பக்கம்?”

“அடுப்பு இருக்கிற பக்கம்.”

“சரிங்க,” என்றாள். ஆனால் குழந்தை அப்போது அழ ஆரம்பித்துவிட்டது. அவள் நான் சொன்னதைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

கிரிம்ஷா துரை மேசைக்குப் பின்னால். பக்கத்தில் அலெக்சாண்டர் பேனாவோடு. நான் மொழிபெயர்ப்பாளன். அலெக்சாண்டருக்குத் தமிழ் தாய்மொழி. ஆனால் முப்பத்தொன்றாம் விதிப்படி, விசாரணை நடக்கும்போது அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் அவர்கள் காதில் விழும்.

துரை குழந்தையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

“குழந்தை பிறந்த நேரத்தில் கயிற்றுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள்.”

“புள்ள பொறந்தப்ப கயித்துக்கு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தொரை கேக்கறாரு,” என்றேன். ‘அடுப்பு’ என்று வாயை மட்டும் அசைத்தேன்.

அவள் என் வாயைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, நிதானமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத் துரையைப் பார்த்துச் சொன்னாள்.

அலெக்சாண்டரின் பேனா நின்றது. கதவோரம் டொமினிக் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அலெக்சாண்டர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்து நெடுநேரம் இருமினார். பிறகு என்னைப் பார்க்காமல், “மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“குழந்தை முழுவதுமாக முதல் முக்கோணத்தில் பிறந்ததாகத் தாய் சொல்கிறாள்,” என்றேன். “கயிறு மிகவும் உபயோகமாக இருந்ததாம். இலாகாவுக்கு நன்றி சொல்கிறாள்.”

அலெக்சாண்டர் அதை எழுதினார். ஒரு சொல்லும் மாற்றாமல், அழகான கையெழுத்தில். துரை கையெழுத்துப் போட்டார். கையெழுத்து ஆன பிறகு எதிலும் தப்பு இருக்க முடியாது. வீடு பூட்டப்படவில்லை. அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் பதினேழாம் பக்கத்தில், பயனடைந்தவர்களின் வார்த்தைகள் என்ற தலைப்பில், அந்த நன்றி அச்சாகியிருக்கிறது. படித்தவர்கள் பலர் என்னிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சொன்னது இது:

“கயிறா? அதக் கேக்காதீங்க தொரை. புள்ள வந்து விழுந்ததும் இருளாயி அக்கா நூலு நூலுன்னு தவிச்சுச்சு, கைக்கு ஒண்ணும் ஆப்புடல. அந்தக் கயித்த அறுத்து ஒரு பிரிய உருவித்தான் தொப்புள்கொடியக் கட்டுனோம். மிச்சத்துல தூளி கட்டியிருக்கு. அவசரமா வேணும்னா, வீட்டுக்குப் போயி இவ ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சதும் அவுத்துத் தாரேன்.”